கைத்துப்பாக்கியும் காப்பும்

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையில் உள்ள ஊர் உலு திராம். 'உலு' என்னும் மலாய்ச் சொல் ஆற்றின் தலைப்பகுதியைக் குறிக்கும். 'திராம்' என்பது சிப்பி வகை ஒன்றன் பெயர். தோட்டங்கள் சூழ்ந்திருந்த அவ்வூர் இன்று ஜொகூர் பாருவின் புறநகராகிவிட்டது. 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், வெள்ளிக்கிழமை, பொழுது விடியுமுன் அவ்வூர்க் காவல் நிலையத்தினுள் ஒருவன் பாராங் கத்தியோடு புகுந்தான். 22 வயதும் 24 வயதும் உடைய காவலர் இருவர் உயிரிழந்தனர். மூன்றாமவர் ஒருவர் காயத்தோடு தப்பினார். தாக்கியவனும் சுடப்பட்டு மாண்டான். இறந்த காவலருள் ஒருவர் கத்தியால் வெட்டுண்டவர். மற்றவர் குண்டடிபட்டவர். அக்குண்டு வந்ததோ, வெட்டுண்டு வீழ்ந்த முதற் காவலரின் துப்பாக்கியிலிருந்து.

கைத்துப்பாக்கியைத் தேர்வது எப்படி என்று பேசுவோர் எடை, குழலின் விட்டம், தோட்டாக்களின் எண்ணிக்கை, குறியின் நுட்பம் ஆகியவற்றையே எடுத்துப் பேசுவர். அவையெல்லாம் வேண்டியனவே. ஆயினும் அக்கருவியின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு, அதனை அமைத்தோர் அனைவரும் இரண்டு அச்சங்களுக்கு இடையே நின்று உழைத்தனர் என்பது விளங்கும். சுட வேண்டியபோது அது சுடாமற் போகுமோ என்பது ஓர் அச்சம். சுட வேண்டாதபோது சுட்டுவிடுமோ என்பது மற்றோர் அச்சம். உலு திராமில் நேர்ந்தது மூன்றாவது: உரியவரின் பகைவனுக்கும் அது உரியவருக்குப் போலவே பணிந்து சுட்டது.

இவ்விடத்தே சொற்களைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். 'துப்பாக்கி' என்னும் சொல் துருக்கி மொழியில் தோன்றிப் பல மொழிகளின் வழியே தமிழுக்கு வந்தது என்பர் சொல்லாராய்ச்சியார். திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்தில் இதே ஒலியுடைய ஒன்று வரக் கண்டு மாணவர் நகைப்பதுண்டு. அது 'துப்பு ஆக்கி', அஃதாவது உணவை உண்டாக்கி, என்னும் பொருளது. இரண்டிற்கும் உறவு ஏதும் இல்லை. துப்பாக்கியின் பின்புறத்தே எழுந்து நின்று, விசையை இழுத்ததும் பாய்ந்து அடிக்கும் உறுப்பைத் தமிழர் 'குதிரை' என்றனர். ஆங்கிலேயர் அதனைச் சேவல் என்று அழைத்தனர். டச்சுக்காரர் பழைய துப்பாக்கி வகை ஒன்றுக்குக் 'கொத்தும் சேவல்' என்று பொருள்படும் பெயரை இட, அதுவே திரிந்து மலாயில் 'செனாப்பாங்' ஆயிற்று. நம்மவர் விசையையும் குதிரை என்று சொல்லும் வழக்கம் உண்டு. இங்கே விரல் இழுப்பது விசை என்றும், பாய்ந்து அடிப்பது குதிரை என்றும் கொள்க.

கைத்துப்பாக்கிகளுள் இரு பெரும் பிரிவுகள் உள. ஒன்று, சுழலும் உருளையில் ஐந்து அல்லது ஆறு தோட்டாக்களைக் கொண்ட ரிவால்வர். மற்றொன்று, கைப்பிடியினுள் செருகப்படும் மேகசின் என்னும் கூட்டிலிருந்து தோட்டாக்களைத் தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல். அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் தம் சுழல் துப்பாக்கிக்கு 1836இல் தம் நாட்டில் காப்புரிமை பெற்றார். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் 1899இல் கொணர்ந்த .38 ரிவால்வர், அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக உலகின் காவலர் பலருக்கு வழக்கமான ஆயுதமாயிற்று. அதன் பெருமை எளிமையே. ஒரு தோட்டா வெடியாவிடில் மறுபடி விசையை இழுத்தால் போதும். அடுத்த தோட்டா எதிரே வந்து நிற்கும். விசையோ கனமானது, ஐந்து கிலோ அளவு இழுப்பு வேண்டும். தவறி விரல் படுவதால் வெடிப்பது அரிது. வேறொரு குறை மட்டும் நெடுங்காலம் தொடர்ந்தது: கீழே விழுந்தால் குதிரை அடிபட்டு வெடித்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது கப்பலின் தளத்தில் ரிவால்வர் ஒன்று விழுந்து வெடித்து மாலுமி ஒருவர் இறந்தார். அதன் பின்னரே, விசையை முழுவதும் இழுத்தாலன்றிக் குதிரை தோட்டாவைத் தொடாதபடி உறுதியான தடைக்கட்டை ஒன்று உள்ளே பொருத்தப்பட்டது. கைத்துப்பாக்கியின் காப்புகளுள் பல இவ்வாறு ஓர் உயிரின் விலைக்கு வாங்கப்பட்டவையே.

பிஸ்டலின் வரலாற்றில் ஒரு பகுதி மலாய் உலகத்தின் விளிம்பிலேயே நிகழ்ந்தது. 1899க்குப் பின் பிலிப்பைன்ஸ் தீவுகளைப் பிடித்த அமெரிக்கப் படையினர், தென் தீவுகளில் வாழ்ந்த மோரோ மக்களோடு பொருத நேர்ந்தது. வாளோடு பாய்ந்து வரும் மோரோ வீரர் அமெரிக்கரின் .38 ரிவால்வர்க் குண்டுகள் பட்டும் நில்லாது வந்து வெட்டினர். 1904இல் தாம்சன், லகார்ட் என்னும் அதிகாரிகள் இருவர் கால்நடைகளின் மீதும் பிணங்களின் மீதும் சுட்டுச் சோதித்து, குழலின் விட்டம் .45 அங்குலத்துக்குக் குறையலாகாது என்று அறிக்கை அளித்தனர். அவ்வறிக்கையின் வழி வந்ததே ஜான் பிரௌனிங் அமைத்த கோல்ட் 1911. அமெரிக்கப் படை 1911 மார்ச்சில் ஏற்றுக்கொண்ட அத்துப்பாக்கி 1985 வரை அப்படையின் முறையான கைத்துப்பாக்கியாக இருந்தது. ஏறத்தாழ 1,100 கிராம் எடை. மேகசினில் ஏழு தோட்டாக்கள். அதனைச் சுடுவதற்கு முன் குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தியிருக்க வேண்டும். பின்னர் விசையின் சிறு இழுப்பே போதும். அவ்வாறு நின்ற குதிரையோடு எடுத்துச் செல்வது அஞ்சத்தக்கது ஆதலின், கட்டைவிரலால் தள்ளும் தாழ் ஒன்றும், கைப்பிடியை இறுகப் பற்றினாலன்றிச் சுடாத பிடித்தாழ் ஒன்றும் அமைத்தனர். நன்கு பயின்றவன் கையில் அது மிக விரைவானது. பயிலாதவன் அவசரத்தில் தாழைத் திறக்க மறந்து, வெடியாத துப்பாக்கியை எதிரியை நோக்கி நீட்டி நிற்பான்.

ஜெர்மானியரின் லூகர் துப்பாக்கியின் அழகு புகழ் பெற்றது. முழங்கால்போல் மடங்கி எழும் அதன் மூட்டு நுட்பமான வேலைப்பாடு உடையது. சேற்றையும் மணலையும் பொறுக்காதது. அது மறைந்தும் அதற்கென 1902இல் தோன்றிய 9 மில்லிமீட்டர்த் தோட்டா மறையவில்லை. இன்று உலகின் காவலரும் படையினரும் மிகுதியாய்ப் பயன்படுத்துவது அதனையே. பிரௌனிங் 1926இல் இறந்த பின் அவருடைய வரைவைச் செவ்வை செய்து பெல்ஜிய நாட்டில் 1935இல் வெளியிட்ட ஹைபவர் பிஸ்டல் அத்தோட்டாவை ஏற்றது. தோட்டாக்களை இரு வரிசையாக அடுக்கிப் பதின்மூன்றைக் கைப்பிடிக்குள் அடக்கியதே அதன் புதுமை. இந்தியாவில் கல்கத்தாவை அடுத்த இஷாப்பூர்த் தொழிற்சாலையில் அதே அமைப்பில் இந்தியப் படைக்கெனப் பிஸ்டல்கள் செய்யப்பட்டன.

ரிவால்வரின் எளிமையையும் பிஸ்டலின் கொள்ளளவையும் ஒன்றாக்க முயன்றவர் ஜெர்மனியின் வால்தர் நிறுவனத்தார். 1929இல் வந்த அவர்களுடைய பிபி என்னும் சிறு பிஸ்டலிலும், 1938இல் வந்த பி-38 என்னும் பெரிய பிஸ்டலிலும் குதிரை கீழே படுத்திருக்கும். முதல் குண்டுக்கு விசையை நீளமாகவும் கனமாகவும் இழுக்க வேண்டும். அவ்விழுப்பே குதிரையை எழுப்பிப் பின் விடும். அடுத்த குண்டுகளுக்குத் துப்பாக்கி தானே குதிரையை எழுப்பிக்கொள்ளும், விசை இலேசாகும். இதனை இரட்டைச் செயல் என்பர். அமெரிக்கப் படை 1985இல் கோல்ட்டுக்கு மாறாக ஏற்ற பெரெட்டா பிஸ்டலும் இவ்வினமே. இதன் குறையைச் சுடுவோர் உடனே உணர்வர்: முதற் குண்டுக்கு ஒரு விசை, இரண்டாம் குண்டுக்கு வேறொரு விசை என்று ஒரே கருவியில் இரண்டைப் பழக வேண்டும். முதற் குண்டு தாழ்வாகவும் பக்கவாட்டிலும் போவது பயிற்சிக் களங்களில் அன்றாடக் காட்சி.

இந்நிலையைப் புரட்டிப் போட்டவர் ஆஸ்திரியரான காஸ்டன் கிளாக். துப்பாக்கித் தொழிலில் முன் அனுபவம் இல்லாத அவர் ஆக்கிய கிளாக் 17ஐ 1982இல் ஆஸ்திரியப் படை ஏற்றது. உடலின் அடிப்பாகம் உறுதியான பிளாஸ்டிக். எடை சுமார் 630 கிராமே. மேகசினில் பதினேழு தோட்டாக்கள். வெளியே குதிரை கிடையாது. உள்ளே விற்சுருளால் உந்தப்படும் ஊசியே அடிக்கும். கையால் தள்ள வேண்டிய தாழும் கிடையாது. விசையின் நடுவே சிறு நாக்கு ஒன்று உண்டு. விரல் அதனை அழுத்தினாலன்றி விசை பின் செல்லாது. கீழே போட்டாலும் ஊசி தடுக்கப்பட்டிருக்கும். எல்லாக் குண்டுகளுக்கும் ஒரே விசை, ஒரே இழுப்பு, ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. எடுப்பது, நீட்டுவது, இழுப்பது என்று பயிற்சி சுருங்கிற்று. அமெரிக்கக் காவற்படைகள் பல ரிவால்வரை விட்டு அதற்கு மாறின.

மாறியதன் விலையும் விரைவில் தெரிந்தது. வாஷிங்டன் நகரக் காவலர் கிளாக்கை ஏற்ற பத்தாண்டுக்குள் அவர்களிடையே தவறுதலாக வெடித்தவை 120க்கு மேல் என்று 1998இல் அந்நகரப் பத்திரிகை ஒன்று ஆராய்ந்து எழுதிற்று. துப்பாக்கியில் பழுது இல்லை. விரல் விசைமேல் இருந்தது. விசை இலேசாக இருந்தது. ஐந்து கிலோ இழுப்புக்குப் பழகிய விரல் இரண்டரைக் கிலோவுக்குப் புதிது. நியூயார்க் காவற்படையார் இதனை அஞ்சித் தம் பிஸ்டல்களில் வேண்டுமென்றே கனமான விசையைப் பொருத்திக்கொண்டனர். 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன் ஆயுதம் ஏந்திய ஒருவனைக் காவலர் இருவர் சுட்டபோது, வழியே போன ஒன்பது பேர் காவலரின் குண்டுகளாலும் சிதறல்களாலும் காயமுற்றனர். கனமான விசை குறியைக் கெடுத்தது என்று அப்போது பலர் குறைகூறினர். இலேசான விசை தவறி வெடிக்கும். கனமான விசை தவறிப் படும். இரண்டிற்கும் தப்பிய விசையை இதுவரை எவரும் செய்துவிடவில்லை.

கிளாக்குக்கு எதிர்மொழியாக வால்தர் நிறுவனம் 1997இல் வெளியிட்ட பி-99, 2000த்துக்குப் பின் மலேசியக் காவலரின் இடுப்பில் பரவலாகக் காணப்பட்ட பிஸ்டல் ஆகும். எடையில் கிளாக்குக்கு இணையானது, அடிப்பாகம் பிளாஸ்டிக், தோட்டாக்கள் பதினைந்து அல்லது பதினாறு. இதிலும் வெளியே குதிரை இல்லை. ஆனால் வால்தரின் பழைய இரட்டைச் செயல் உள்ளே தொடர்கிறது. மேற்பகுதியில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஆயத்தமாய் நின்ற ஊசி தளரும். பின்னர் முதற் குண்டுக்கு நீண்ட, கனமான இழுப்பு. அழுத்தாது விட்டாலோ இலேசான இழுப்பு. ஊசி எந்நிலையில் உள்ளது என்பதைப் பின்புறத்துச் சிவப்புப் புள்ளி காட்டும். கைப்பிடியின் முதுகை மாற்றிச் சிறிய கைக்கும் பெரிய கைக்கும் பொருத்தலாம் என்பது அந்நாளில் புதுமை. பெண் காவலர்க்கு அஃது உண்மையான நன்மை. கனத்த முதல் இழுப்பை விரும்பும் அதிகாரிக்கும் இலேசான இழுப்பை விரும்பும் பயிற்றுநருக்கும் ஒரே கருவி இடம் கொடுத்தது. ஒரே கருவியில் இரு நிலை இருத்தலால் பயிற்சி குறைந்த படைக்கு அது குழப்பமே என்று சொல்வோரும் உளர், அச்சொல் பொய்யன்று. வால்தர் 2023இல் பி-99இன் உற்பத்தியை நிறுத்த முடிவு செய்தது.

மலேசியாவில் இத்தேர்வு கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவோர் செய்யும் தேர்வன்று. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றி எவரும் துப்பாக்கி வைத்திருத்தல் ஆகாது. ஆகவே எந்தப் பிஸ்டல் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அரசே. படையினரின் தேவை வேறு, காவலரின் தேவை வேறு. படைவீரனுக்குக் கைத்துப்பாக்கி இரண்டாம் ஆயுதம்; பகைவன் தொலைவில் இருப்பான். காவலரோ தம்மிடம் வரும் எவரையும் அருகே நிற்கவிட்டுப் பேச வேண்டியவர். முறையீட்டு மேசைக்கு இப்பால் காவலர், அப்பால் முறையிட வந்தவர். இடையே இரண்டு முழம். அமெரிக்காவில் சால்ட் லேக் நகரக் காவல் பயிற்றுநரான டென்னிஸ் டூலர் 1983இல் ஒரு சோதனையை எழுதினார். பயின்ற ஒருவர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் குறிபார்த்துச் சுட ஒன்றரை விநாடி ஆகிறது. கத்தியோடு ஓடிவரும் ஒருவன் அதே ஒன்றரை விநாடியில் 21 அடியைக் கடந்துவிடுகிறான். இரண்டு முழத்தில் நிற்பவனுக்கு விநாடியும் வேண்டா. அந்நெருக்கத்தில், கோல்ட்டா கிளாக்கா வால்தரா என்னும் வினாவே எழுவதற்கு இடமில்லை.

துப்பாக்கி வைத்திருப்பவரே துப்பாக்கிக்காகக் கொல்லப்படுதல் இப்பகுதிக்குப் புதிதன்று. 1978 ஏப்ரல் 25ஆம் நாள், சிங்கப்பூரில் மவுண்ட் வெர்னன் பகுதியில் காவல் நின்ற தேசியச் சேவைக் காவலர் ஒருவரை மூவர் கடத்திக் கத்தியால் குத்திக் கொன்றது அவருடைய ரிவால்வரைக் கவர்வதற்காகவே. அவர்கள் அமர்த்திய டாக்சியின் ஓட்டுநரும் கொல்லப்பட்டார். ரிவால்வரின் கனமான விசை, கீழே விழுந்தாலும் வெடியாத தடைக்கட்டை ஆகிய எதுவும் அங்கே உதவக் கூடியவை அல்ல.

துப்பாக்கி கையை அறியாது. ஆதலின் சட்டமே கையை அறிய முற்பட்டது. மலாயாவில் 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபோது, உரிமமின்றி ஆயுதம் ஏந்துதல் மரண தண்டனைக்குரியதாயிற்று. தமிழர் நெஞ்சில் ஆறாத வடுவான எஸ். ஏ. கணபதியின் வழக்கு இங்கே நினைக்கத்தக்கது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த அவர் 1949 மார்ச் தொடக்கத்தில் ஒரு ரிவால்வரோடும் ஆறு தோட்டாக்களோடும் பிடிபட்டார். அதனைத் தாம் கண்டெடுத்ததாகவும், காவலரிடம் ஒப்படைக்கக் கொண்டுசென்றதாகவும் அவர் கூறினார். இந்திய அரசின் முயற்சிகள் பயனற்றுப்போக, அதே ஆண்டு மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்த ரிவால்வர் எவரையும் சுட்டதாக வழக்கு இல்லை. அவர் கையில் இருந்ததே குற்றம். பின்னர் வந்த 1971ஆம் ஆண்டுச் சட்டம், கொள்ளை முதலிய குற்றங்களின்போது துப்பாக்கியால் சுடுவோர்க்குக் கட்டாய மரண தண்டனை விதித்தது. 2023இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டு, மாற்றாக 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு இடம் தரப்பட்டது. இத்தகைய சட்டம் துப்பாக்கியைக் கவர நினைப்போருள் பலரை அடக்கும். இறக்கத் துணிந்து நள்ளிரவு கழிந்து காவல் நிலையத்துள் நுழைபவனை அடக்காது.

கருவியே உரியவரை அறியும்படி செய்யலாகாதா என்று கேட்கலாம். முயற்சிகள் பல நடந்துள்ளன. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 1887இல் விற்கத் தொடங்கிய ஒரு ரிவால்வரின் கைப்பிடியில், இறுகப் பற்றினாலன்றிச் சுடாத பிடித்தாழ் இருந்தது. சிறு குழந்தையின் கையால் அதனை அழுத்த இயலாது என்பது கருத்து. பெரியவர் எவர்க்கும் அது இணங்கும். பிரேசில் நாட்டு டாரஸ் நிறுவனம் ரிவால்வரின் குதிரையிலேயே சாவிப் பூட்டு ஒன்றை வைத்தது. வீட்டு அலமாரிக்கு அது நல்ல காப்பு. பணியில் இருக்கும் காவலரின் இடுப்பில் பூட்டிய துப்பாக்கி இரும்புக் கட்டியே. ஆர்மாட்டிக்ஸ் என்னும் ஜெர்மானிய நிறுவனம் அணிந்தவரின் கைக்கடிகாரத்தோடு வானொலி அலையால் பேசி, கடிகாரம் அருகில் இருந்தால் மட்டுமே சுடும் பிஸ்டலைச் செய்தது. 2017இல் மலிவான காந்தங்களைப் பக்கத்தில் வைத்து அதனைச் சுட வைத்துக் காட்டினார் ஒருவர். மேலும், கடிகாரம் அணிந்தவரின் மிக அருகிலேயே பறித்தவன் நிற்பானாயின் என் செய்வது? விரல்ரேகையை அறியும் பிஸ்டல்களும் இப்போது வந்துள்ளன. ஈரக் கை, இரத்தம், கையுறை ஆகியவை காவலருக்கு அன்றாடம். அங்கே முதல் அச்சம், சுட வேண்டியபோது சுடாமற் போகுமோ என்பது, மறுபடி தலைதூக்குகிறது. காவற்படைகள் இவற்றை ஏற்கத் தயங்குவது அதனாலேயே.

ஆகவே மூன்றாம் அச்சத்துக்கான விடை துப்பாக்கிக்கு வெளியே, அதன் உறையில் தேடப்பட்டது. முற்காலத்து ஆங்கிலேய அதிகாரி தம் ரிவால்வரைக் கயிற்றால் தோளோடு பிணைத்திருந்தார்; அது தவறி விழாமல் இருக்கவும் பறிபோகாமல் இருக்கவும் உதவிற்று. 1970களில் அமெரிக்காவில் முன்னாள் புலனாய்வு அதிகாரியான பில் ராஜர்ஸ், பறிப்போர்க்கு எளிதில் இணங்காத உறைகளை அமைத்து, அவற்றைத் தரம் பிரிக்கும் முறையையும் வகுத்தார். ஒருவர் உறையை அணிந்து நிற்க, மற்றொருவர் துப்பாக்கியைப் பற்றி முழு வலிமையோடு குறித்த விநாடிகள் வரை இழுப்பார். வராது நின்றால் தேறியது. நல்ல உறையில் கட்டைவிரல் தள்ளும் மூடி ஒன்றும், உள்ளே பிஸ்டலைக் கவ்வும் தாழ் ஒன்றும் இருக்கும். அணிந்தவரின் கை மேலிருந்து இறங்கும்போது அவ்விரண்டும் ஒரே அசைவில் திறக்கும். எதிரே நிற்பவன் கைக்கோ பின்னே நிற்பவன் கைக்கோ அக்கோணம் அமையாது. இவ்வசைவு கையோடு ஊறுவதற்கு வெறுந்துப்பாக்கியோடு பல நூறு முறை எடுத்துப் பயில வேண்டும். இல்லையேல் அணிந்தவரையே அது தடுத்துவிடும். பிஸ்டலின் விலையோடு ஒப்பிட உறையின் விலை சிறிது. அதனாலேயே போலும், பிஸ்டல் பற்றி நடக்கும் வாதங்களில் கால் பங்குகூட உறை பற்றி நடப்பதில்லை.

அவ்வுறைக்கும் எல்லை உண்டு. நின்று போராடும் காவலரின் இடுப்பில் அது நன்கு காக்கும். வீழ்ந்துவிட்டவரின் இடுப்பிலிருந்து எடுப்பவனை எதிர்ப்பார் இலர். அவன் முயன்று பார்த்து, திறக்கும் வகையைக் கண்டுகொள்வான். அப்போது உறை தரக்கூடியது சில விநாடிகள்தாம். அடுத்த அறையில் இருக்கும் காவலர் கூச்சல் கேட்டுத் தம் உறையின் மூடியைத் தள்ளி வெளியே வருவதற்கு அச்சில விநாடிகளே அவருக்குக் கிடைக்கும்.